எதிராளிக்கு ஒரு கதிரை

அடுத்த தவணையிலிருந்து கண்டியில் நம்முடைய சனிக்கிழமை வகுப்பை நடத்தப்போகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. முதல் நாள் சமன்பாடு, இரண்டாம் நாள் அதைவிடப் பெரிய சமன்பாடு, மூன்றாம் நாள் பார்த்தவுடன் எனக்கே தலை சுற்றியது. பிள்ளைகளே, கும்பிட்டுக் கேட்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் முன்னால் உட்காரப்போகிறவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இல்லை. வாரம் முழுவதும் பம்ப் ஹவுஸிலும் வேர்க்ஷொப்பிலும் தேயிலை ஸ்டோரிலும் நின்றுவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் பஸ் பிடித்து வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு இயந்திரம் வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளை மாதிரி. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் வேறு என்னத்தைப் பேசினாலும் காதில் ஏறாது.

நாம் சொல்லிக்கொடுக்கும் விசயம் என்ன? இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்காமல், எதைக் கொடுத்தால் எது வருகிறது என்பதை அளந்து, அதிலிருந்தே அதன் குணத்தைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த குணத்தைக் கணக்காக எழுதினால் அதற்கு மாதிரி என்று பெயர். ஒன்று கொடுத்தால் ஒன்று, இரண்டு கொடுத்தால் இரண்டு என்று நேர்கோட்டில் நடக்கிற சமர்த்து இயந்திரங்கள் புத்தகத்தில்தான் இருக்கின்றன. வெளியே உள்ளவை அப்படி இல்லை. கொஞ்சம் கொடுத்தால் அசையாது, இன்னும் கொஞ்சம் கொடுத்தால் குதிக்கும், திருப்பி எடுத்தால் வந்த வழியே போகாது. என் மாமியார் உயிரோடு இருந்தவரை இதற்கு உதாரணம் தேடி நான் அலைந்ததே இல்லை.

இதில் வேலை செய்கிற பொறியியலாளர்கள் மட்டுமே விடுகிற ஒரு பிழை இருக்கிறது. பல்கலைக்கழகப் பையன் விடமாட்டான், ஏனென்றால் அவனுக்கு இயந்திரம் கெட்டாலும் கவலை இல்லை. நம்மவர்களுக்கோ அளவுமானியின் முள் ஆடாமல் நிற்பதுதான் பெருமை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதற்காகத்தான் சம்பளம். அதனால் தரவு கொண்டு வா என்றால், இயந்திரம் மிக ஒழுங்காக ஓடிய நாட்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவருவார்கள். தொடங்கும்போது ஆடியது, நிறுத்தும்போது தள்ளாடியது எல்லாவற்றையும் குப்பை என்று வெட்டி வீசியிருப்பார்கள். இஸ்திரி போட்ட சேலை மாதிரி ஒரு கோடு வரும். அதை நீட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள், நாம் பாராட்ட வேண்டுமாம்.

இந்த வகுப்பைத் தொடங்கியவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். "சும்மா இருக்கிற மெஷின்கிட்ட என்னத்தக் கேக்கிறது? சீண்டுங்க, அப்பதான் வாயத் தொறக்கும்" என்று சொல்வார். வகுப்பறையின் முன்பக்கத்தில் ஒரு கதிரையைக் கரும்பலகையைப் பார்த்தபடி போட்டு வைத்தவரும் அவர்தான். எதிராளியின் கதிரை. வகுப்பில் ஒவ்வொருவருக்கும் இன்னொருவர் எதிராளி. உன் இயந்திரத்துக்கு நீ மாதிரி செய்வாய். உன் எதிராளி உன் இடத்துக்கு வந்து, அவருக்கு இஷ்டமான விதத்தில் அதைச் சீண்டி, நீ பார்க்காத தரவை எடுத்து வருவார். பிறகு அந்தக் கதிரையில் உட்கார்ந்து உன் மாதிரியை உடைக்கப் பார்ப்பார். உடைந்தால் உடைந்ததுதான், அழுது பிரயோசனமில்லை. நீங்கள் அனுப்பிய திட்டத்தில் அந்தக் கதிரையைக் காணோம். அதனால்தான் செல்வராணியின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

செல்வராணி ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பிள்ளை. படித்துப் பொறியியலாளராகி, மடுல்கெல்லப் பக்கம் ஒரு கம்பனியின் மூன்று தேயிலை ஸ்டோர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைநாட்டில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே தேயிலையைக் காயவைக்கும் ட்ரையரில் விறகு அடுப்பிலிருந்து சூடான காற்று வரும். எவ்வளவு சூட்டை உள்ளே விடுவது என்று ஒரு இரும்புத் தகடு தீர்மானிக்கும். அதற்கு டாம்பர் என்று பெயர். சூடு ஏறினால் தூள் கருகும், இறங்கினால் ஈரம் நிற்கும். இரண்டுமே ஏலத்தில் எடுபடாது. அதுவரை ஆட்கள் கையால் செய்துவந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை, தோட்ட மானேஜரான பெரியதுரையிடம் மல்லுக்கட்டி, இவள்தான் ஒரு ஸ்டோரில் பொருத்த வைத்திருந்தாள். கம்பனியில் பெண் பொறியியலாளர் இவள் ஒருத்திதான். அந்தப் பெட்டி தோற்றால் பெட்டி மட்டும் தோற்காது என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அவளுக்கு எதிராளியாக வாய்த்தவர் ரிஸ்வான். மடவளையில் வீடு, தண்ணீர் பம்ப் பராமரிக்கும் வேலை. வாய் ஓயாது. முதல் நாளே எழும்பி நின்று, "மிஸ், இந்தக் காலத்தில இதெல்லாம் என்னத்துக்கு? நியூரல் நெட்வொர்க் ஒண்டப் போட்டா எல்லாம் புடிச்சித் தந்திடுமே" என்றார்.

"குளத்துல மீனே இல்லாட்டி எந்த வலையப் போட்டு என்ன புடிப்பீங்க ரிஸ்வான்? உக்காருங்க" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

செல்வராணி தன் மாதிரியைக் காட்டிய நாள் வந்தது. திரையில் உண்மையான வெப்பநிலை ஒரு கோடு, அவள் மாதிரி சொன்னது இன்னொரு கோடு. இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. "கோட்டு மேல கோடு உக்காந்துருச்சு மிஸ்!" என்று அவள் சொன்னபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது. வகுப்பே கைதட்டியது. நான் தட்டவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் இல்லை. அந்தத் தரவில் டாம்பர் ஒரே பக்கமாக மெல்ல மெல்லத் திறந்துகொண்டே போயிருந்தது, ஒரு தடவைகூடத் திரும்பி மூடவில்லை. எல்லாம் காய்ந்த விறகும் நல்ல வெயிலுமான நாட்கள். "எதிராளி வரட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

ரிஸ்வான் கதிரையில் வந்து உட்கார்ந்தார். பெரியதுரை கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாளில் செல்வராணியே அவரை ஸ்டோருக்குள் கூட்டிப்போயிருந்தாள். "நான் ஒண்டும் பொல்லாத வேல செய்யல்ல மிஸ். கொஞ்சம் தொறந்தேன், கொஞ்சம் மூடினேன், திருப்பித் தொறந்தேன். அவ்வளவுதான்" என்று சொல்லித் தன் தரவைப் போட்டார். மாதிரி சொன்ன கோடு ஒரு பக்கம் போனது, உண்மை இன்னொரு பக்கம் போனது. டாம்பரை இயக்கும் மோட்டர் மூடுகிறது, மாதிரி சூடு இறங்கும் என்கிறது, சூடோ அசையாமல் நிற்கிறது. பிறகு அசையும்போது நேரம் தப்பி அசைகிறது.

ரிஸ்வானுக்கே சங்கடமாகிவிட்டது. "மன்னிச்சிக்கங்க செல்வராணி" என்றார். இதுதான் முதல் பாடம், குறித்துக்கொள்ளுங்கள்: எதிராளியை மன்னிப்புக் கேட்க விடாதீர்கள். "ரிஸ்வான், மன்னிப்புக் கேக்கிறதுக்கா உங்களக் கதிரையில உக்கார வச்சேன்? இன்னைக்கு வகுப்பில ஒழுங்கா வேல செஞ்ச ஒரே ஆள் நீங்கதான்" என்று சொன்னேன். செல்வராணி கணினியைப் படாரென்று மூடினாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த மாதிரியை நம்பி, எதிராளி வரும் முன்பே, பெட்டியின் அமைப்பை மாற்றிவிட்டிருந்தாள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள், இவள் இரண்டு காலையும் விட்டிருந்தாள். அதைப் பழையபடி மாற்றும் முன்பே, அடுத்த வாரம், மழை பிடித்தது. விறகு நனைந்தது, அடுப்பு சோர்ந்தது. பெட்டி டாம்பரைத் திறந்தது. பிறகு அடுப்பு பிடித்துக்கொள்ள, பெட்டி மூடப் பார்த்தது, மூடவில்லை. கடைசியில் மூடியபோது அளவுக்கு மேல் மூடியது. சூடு ஏறுவதும் இறங்குவதுமாக ட்ரையர் ஊஞ்சலாடியது. ஒரு தொகுதித் தூள் கருகிப்போனது.

செல்வராணி எனக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தாள். "மிஸ், தொரை சொல்லிட்டாரு. திங்கக்கெழமைக்குள்ள சரிவரலன்னா பொட்டியக் கழட்டச் சொல்றாரு. என்னைய லொறி ரிப்பேர் பாக்கப் போகச் சொல்றாரு. நான் இனிமே வகுப்புக்கு வரல மிஸ். வந்து என்னத்த செய்ய?"

எனக்குக் கோபம் வந்தது. துரைமேல் பாதி, இவள்மேல் பாதி. "வகுப்புக்கு வராட்டிப் போங்க. வகுப்பு அங்க வருது. நாளைக்குக் காலையில நானும் ரிஸ்வானும் வாறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ரிஸ்வானிடம் பிறகுதான் கேட்டேன். "இன்ஷா அல்லாஹ் மிஸ், நான் ஒடச்சது, நானே வாறன்" என்றார்.

விடியும்போதே ரிஸ்வானின் வேனில் வத்துகாமம் வழியாக மலை ஏறினோம். அவர் மனைவி கட்டிக்கொடுத்த தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் மடியில் சுடச்சுட இருந்தன. மடுல்கெல்லப் பனியில் ஸ்டோரின் தகரக் கூரை மட்டும்தான் தெரிந்தது. வாசலிலேயே பெரியதுரை நின்றிருந்தார். கெட்டவர் இல்லை, தோட்டத்தில் வளர்ந்து தமிழ் நன்றாகப் பேசுகிற சிங்களவர். ஆனால் கருகின தூள் இன்னும் அவர் மூக்கில் இருந்தது.

"என்ன மிஸ், திரும்பவும் ட்ரையர ஆட்டிப் பாக்கவா வந்தீங்க? கொழுந்து உள்ள இருக்கிற நேரம் யாரும் டாம்பர்ல கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க, வயசானவங்க. உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பொட்டியக் கழட்டட்டுமா, வேணாமா?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது நடக்கும். டாம்பரை மோட்டரோடு இணைக்கும் கம்பியின் மூட்டில் பிளே, அதாவது தளர்வான இடைவெளி, இருக்கும் என்று எனக்கு ஏற்கெனவே சந்தேகம். திசை திரும்பும்போதெல்லாம் மோட்டர் முதலில் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும், அதுவரை டாம்பர் தூங்கும். நான் அதை அப்போதே எடுத்துச் சொல்லியிருந்தால் துரை தலையாட்டியிருப்பார். என் நரைத்த தலைக்கு அந்த மரியாதை இருந்தது. ஆனால் அதன் பிறகு அந்த ஸ்டோரில் ஒரு ஆணி கழன்றாலும் கண்டியிலிருந்து கிழவியைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள். செல்வராணி லொறி பார்க்கப் போகாமலே லொறி பார்க்கிறவளாக ஆகியிருப்பாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"இது அவங்கட மெஷின் சேர். அவங்களக் கேளுங்க" என்றேன்.

செல்வராணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கிணற்றில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிறாளே என்பதுபோல் பார்த்தாள். துரை அவள் பக்கம் திரும்பினார். அவள் ட்ரையர் பக்கம் பார்த்தாள். அந்த நேரம்தான் அதன் விசிறி ஓடத் தொடங்கியது. கொழுந்து போடும் முன் ட்ரையரைச் சூடாக்குகிறார்கள். அடுப்புக்காரர் டாம்பரை முழுக்கத் திறந்தார், முழுக்க மூடினார், மறுபடி திறந்தார்.

"அங்க என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல மிஸ், காலையில சூடு பண்றது. தெனமும் செய்றதுதான். அந்த நேரம் பொட்டி வேல செய்யாது. அந்தத் தரவ நாங்க வெட்டி வீசிருவோம், அதுல ஒண்ணும்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றது. நாற்பது பக்கம் சமன்பாடு எழுதிப் போட்டாலும் ஒருவர் முகத்தில் அப்படி வெளிச்சம் வராது.

"சேர்!" என்று துரையின் பக்கம் திரும்பினாள். குரலே மாறியிருந்தது. "டாம்பர் மூட்டுலதான் லூசு இருக்கு. கொழுந்து இல்லாதப்ப ஆட்டி அளக்கலாமா?"

"கொழுந்து இல்லாட்டி எனக்கென்ன? உள்ள போய் டான்ஸ் ஆடுங்க" என்றார் துரை.

அவள் ஓடினாள். என் வயதுக்கு நான் ஓடவில்லை, வேகமாக நடந்தேன். ரிஸ்வான் கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து, "முதல்ல விசிறிய நிப்பாட்டி, ஆறவிட்டு, அந்த மூட்டு லூச அடிமட்டத்தால அளப்பமே? லேசு வேல" என்றார்.

"ஆற விட்டா பிரயோசனமில்ல" என்றாள் செல்வராணி. "மூட்ட இறுக்கிப் பாத்தோம். ஆறியிருக்கப்ப நல்லாத்தான் இருக்கும், சூட்டுல இரும்பு பெருத்து இறுகிப்போயிரும். அதுக்காகத்தான் லூசா விட்டிருக்கு. சூட்டுல எவ்வளவு லூசுன்னுதான் நமக்கு வேணும்."

"அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஆறின கஞ்சி பழங்கஞ்சி, சூட்டோட அளங்க" என்றேன்.

அன்று காலை அந்த வெறும் ட்ரையரை அவள் படுத்திய பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிதாகத் திறந்தாள், பெரிதாக மூடினாள், சிறிதாக, நடுத்தரமாக, மாறி மாறி. இத்தனை வருடம் முள் ஆடாமல் காத்தவள் முள்ளைப் பேயாட்டம் ஆடவைத்தாள். திசை திரும்பிய ஒவ்வொரு தடவையும் மோட்டர் நகர, சூடு கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தது. அப்படிக் கிடந்த நேரம் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு. பிளேயின் அளவு கையில் வந்துவிட்டது.

இதோடு பாதி வேலைதான் முடிந்திருந்தது. கொழுந்து உள்ளே இருக்கும்போது ட்ரையர் எவ்வளவு மெதுவாகச் சூடேறுகிறது என்பதை வெறும் ட்ரையர் சொல்லாது. கொழுந்தோடு ஒரு தடவையாவது திசையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துரை கூடாது என்றிருக்கிறார். செல்வராணியே அவரிடம் போனாள்.

"சேர், இவ்வளவு நாளா எவ்வளவு ஆட்டினா ஆபத்துன்னு தெரியாம ஆட்டினோம். இப்பத் தெரியும். அந்த இடைவெளிக்கு மேல ஒரு துளி. ஒருதடவ தெறந்து ஒருதடவ மூடுறேன். தூளுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நீங்க ஆள் அனுப்ப வேணாம் சேர். பொட்டிய என் கையாலயே கழட்டித் தாறேன்."

துரை ஒரு முறை ட்ரையரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற டீமேக்கரைப் பார்த்து, "கூட நில்லுங்க" என்று மட்டும் சொன்னார். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான அந்த மனிதர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ட்ரையரின் வாயருகே போய் நின்றார். அவள் ஒரு முறை திறந்தாள், ஒரு முறை மூடினாள். ரிஸ்வான் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். டீமேக்கர் விழுந்த தூளை அள்ளி, முகர்ந்து, விரலில் தேய்த்து, "நேத்தையவிட நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது அவர் குரலில்.

மாதிரி இரண்டு துண்டாக உருவானது. முன்னால் மூட்டின் பிளே, பின்னால் ட்ரையரின் சூடேறும் வேகம். தனித்தனியாக அளந்து ஒன்றாகக் கோர்த்தாள். பெட்டிக்கும் ஒரு புதுப் புத்தி சொல்லிக்கொடுத்தாள்: திசை திரும்பும்போதெல்லாம் அந்த இடைவெளியை முதலில் ஒரே எட்டில் தாண்டு, அதன் பிறகு உன் வேலையைப் பார். ஆனால் இந்தத் தடவை பெட்டியை இயக்கவில்லை. "எதிராளி பாத்த பொறகுதான் மிஸ்" என்றாள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சம்பளம் தராமலே கூட அந்த வேலையைச் செய்திருப்பேன் போலிருந்தது.

துரை கொடுத்த கெடுவுக்கு முந்திய சனிக்கிழமை, வகுப்பை அப்படியே ஒரு பஸ்ஸில் ஏற்றி மடுல்கெல்லைக்குக் கொண்டுபோனேன். வகுப்பறையிலிருந்த எதிராளியின் கதிரையையும் பஸ்ஸின் பின்னால் போட்டுக்கொண்டு போனோம். நல்ல மழை. இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? ட்ரையரின் முன்னால் கதிரையைப் போட்டு ரிஸ்வானை உட்கார வைத்தேன். பெரியதுரை கையைக் கட்டிக்கொண்டு தூணோடு சாய்ந்து நின்றார்.

"ரிஸ்வான், இரக்கம் காட்டினீங்கன்னா மடவளைக்கு நடந்துதான் போகணும்" என்றேன்.

"நடக்கிற ஐடியா இல்ல மிஸ்" என்றார் அவர்.

டாம்பரை எப்படி எப்படி அசைக்கப்போகிறார் என்று ரிஸ்வான் ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தார். துரையும் டீமேக்கரும் அதைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு செல்வராணி கணினியில் போட்டாள். இன்னும் நடக்காததை அவள் மாதிரி நீலக் கோடாக முன்கூட்டியே வரைந்து வைத்தது. சிவப்புக் கோடு அதன் பிறகு ட்ரையரிலிருந்து நேரடியாக வரும். எல்லோரும் திரையை மொய்த்தோம். ரிஸ்வான் திறந்தார். சிவப்பு நீலத்தின் மேலேயே ஏறியது. யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் போன தடவையும் இதுவரை சரியாகத்தான் வந்தது. இப்போது ரிஸ்வான் மூடத் தொடங்கினார். போன தடவை உடைந்த இடம் இதுதான்.

நீலக் கோடு அங்கே ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மோட்டர் ஓடும், ஒன்றும் நடக்காது என்று சொல்லி நீட்டிப் படுத்திருந்தது. சிவப்பு வந்தது. அதுவும் படுத்தது. மோட்டர் ஓடுகிறது, சிவப்பு படுத்தே கிடக்கிறது. பிறகு நீலம் எந்த இடத்தில் இறங்கத் தொடங்கியதோ அதே இடத்தில் சிவப்பும் இறங்கியது.

ஒன்றுமே நடக்காத ஒரு சின்ன நேர்கோட்டுக்காக ஒரு கூட்டம் அப்படிக் கத்தியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேலை செய்யும் ஒருவர், எப்போதும் வாயே திறக்காதவர், "ஓம்! ஓம்! அப்பிடித்தான் கிட!" என்று அந்தக் கோட்டைப் பார்த்துக் கத்தினார். ரிஸ்வான் விடவில்லை. ஏற்றினார், இறக்கினார், பாதியில் திருப்பினார். சிவப்பு நீலத்தை விட்டுப் பிரியவே இல்லை. கடைசியில் பெட்டியை இயக்கச் சொல்லிவிட்டு, நனைந்த விறகாகப் பார்த்து அடுப்பில் திணிக்கச் சொன்னார். சூடு கொஞ்சம் இறங்கியது, பெட்டி திறந்தது. அடுப்பு பிடித்துக்கொண்டது, பெட்டி திரும்பியது, ஒரே எட்டில் இடைவெளியைத் தாண்டியது. ட்ரையர் ஊஞ்சலாடவில்லை. வெளியே மழை கொட்டியது, உள்ளே முள் நின்றது.

ரிஸ்வான் கதிரையிலிருந்து எழும்பி இரண்டு கையையும் விரித்தார். "அல்ஹம்துலில்லாஹ், தோத்திட்டன்! இவ்வளவு சந்தோஷமா நான் எங்கயும் தோத்ததில்ல."

பெரியதுரை தூணை விட்டு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகச் செல்வராணியிடம் போய், "மத்த ரெண்டு ஸ்டோருக்கும் எப்ப போடலாம்?" என்று கேட்டார்.

அவள் உடனே சொல்வாள் என்று நினைத்தேன். "மொதல்ல அதுகளயும் சூட்டுல ஆட்டிப் பாக்கணும் சேர். அதுக்குப் பொறகு சொல்றேன்" என்றாள். துரை தலையாட்டிவிட்டு எல்லோருக்கும் தேநீர் கொண்டுவரச் சொன்னார். என் கண் கலங்கியது, விறகுப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் பாடத்திட்டம் காகிதத்தில் நன்றாக ஓடுகிறது. நல்ல வெயில், காய்ந்த விறகு, ஒரே திசை. அதை யாரும் இன்னும் சீண்டிப் பார்க்கவில்லை. அதனால் உங்களைக் கேட்காமலே ஒரு வேலை செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒத்திகை வகுப்பு எடுக்கப்போகிற நாளில், முன்பக்கம் அந்தப் பழைய கதிரை போட்டிருக்கும். மூன்று ஸ்டோரின் பெட்டிகளையும் ஓட விட்டுவிட்டு, வத்துகாமம் பஸ்ஸில் செல்வராணி வந்து அதில் உட்காருவாள். உங்கள் திட்டத்தை அவளுக்கு அனுப்பியாயிற்று. "எங்க ஒடையும்னு கண்டுபுடிச்சிட்டேன் மிஸ்" என்று நேற்றுக் கோல் எடுத்துச் சிரித்தாள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்து உதவி தேடாதீர்கள், அன்றைக்கு நான் அவள் கட்சி.